வளைகுடாவைக் கடக்கும் பயணிகள் படகு: நேரத்துக்கு ஓட்டுவது எப்படி?

படகுச் சேவை தொடங்கலாம் என்றதுமே பேச்சு எந்தப் படகு, எத்தனை நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகம் என்பதில் போய் நிற்கும். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்குப் படகின் வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. 8.10க்கு ஏறினால் 8.35க்கு அக்கரையில் கால் வைக்க முடியுமா, நாளையும் அதே நேரத்துக்கு வைக்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. அந்த 25 நிமிடத்தில் படகு முழுவேகத்தில் ஓடுவது பாதி நேரம்கூட இருக்காது. மீதியெல்லாம் கரையோரத்தில், கயிற்றில், வாசலில் கரைகிறது. ஆகவே துறையை முதலில் சரிசெய்யுங்கள், படகு பிறகு.

முதலில் நிமிடக் கணக்கு

இரு துறைகளுக்கும் இடையே 5 கடல்மைல் (9.26 கி.மீ.) என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. காலை நெரிசலில் ஒரு நடைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இப்படி வரும்:

- கரையோர மெதுவேகப் பகுதி, இரு பக்கமும் சேர்த்து 1 கடல்மைல், 6 நாட் வேகத்தில்: 10 நிமிடம்
- நடுவில் 4 கடல்மைல், 25 நாட் வேகத்தில்: 9.6 நிமிடம்
- துறையை விட்டு விலகவும் அணையவும்: 4 நிமிடம்
- 250 பேர் இறங்க, 40 பேர் ஏற, ஒரே வாசல் வழியாக: 6 நிமிடம்

மொத்தம் 29.6. போய்த் திரும்பினால் 59.2 நிமிடம். தாளில் பார்த்தால் ஒரு மணி நேரச் சுற்று கச்சிதமாக அடங்கிவிட்டது போலத் தெரியும். ஆனால் மிச்சம் இருப்பது 48 விநாடி. ஒரு சக்கர நாற்காலி ஏறினாலே அது போய்விடும். காலை ஏழு மணிக்கு விழுந்த இரண்டு நிமிடத் தாமதம் பத்து மணிவரை படகைத் துரத்திக்கொண்டே வரும். சுற்று நேரத்தில் எட்டு முதல் பத்து சதவீதமாவது கையிருப்பாக இருக்க வேண்டும். 60 நிமிடத்துக்கு ஐந்தாறு நிமிடம்.

அந்த நிமிடங்களை எங்கிருந்து எடுப்பது? பலரும் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். 25 நாட்டை 35 ஆக்கினால் நடுக்கடல் ஓட்டம் 9.6 நிமிடத்திலிருந்து 6.9 ஆகும். ஒரு நடைக்கு மிச்சம் 2.7 நிமிடம். அதற்கு எஞ்சின் சக்தி, படகின் அடிப்பகுதி வடிவத்தைப் பொறுத்து, இரண்டு முதல் இரண்டேமுக்கால் மடங்கு தேவைப்படும். நடைக்கு எரியும் டீசலும் ஒன்றரை மடங்கை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். இன்னொரு வழி, துறையில் இரண்டாவது வாசல் திறப்பது. 290 பேர் கடக்க 6 நிமிடம் ஆனது 3 நிமிடமாகிறது. மிச்சம் 3 நிமிடம், கூடுதல் டீசல் ஒரு சொட்டுகூட இல்லை. சுற்று 53.2 நிமிடத்துக்கு வந்து, கையிருப்பு ஆறே முக்கால் நிமிடமாகிறது.

படகு எண்ணிக்கை படிக்கட்டு மாதிரி ஏறும். சுற்று 60 நிமிடத்துக்குள் இருந்தால் அரைமணிக்கு ஒரு படகு விட இரண்டு போதும். கால்மணிக்கு ஒன்று விட நான்கு. சுற்று 64 ஆனால் அரைமணிச் சேவைக்கே மூன்று வேண்டும், கால்மணிக்கு ஐந்து. நான்கு நிமிடச் சறுக்கலுக்கு ஒரு முழுப் படகும் அதன் ஆட்களும் விலை. அதனால் வரைபடத்தில் தூரத்தை அளந்து வேகத்தால் வகுத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வாடகைப் படகொன்றை வைத்து, நெரிசல் நேரத்தில், எதிர்நீரோட்டம் உள்ள நாளில், இருட்டில், மூன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஏற வேண்டியது அவற்றில் மிக மெதுவானதை ஒட்டிய நேரம், சராசரி அல்ல.

அலை எழுப்பும் வேகம்

கரையோர வேக வரம்பைப் படகோட்டிகள் தொல்லையாகப் பார்ப்பார்கள். கட்டிப்போட்ட சிறு படகுகளும் கரைச்சுவரும் சேற்றுத் திட்டும் நம் அலையில் அடிவாங்குவதால்தான் அந்த வரம்பு. இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. 25 நாட்டில் போனால் அலை பெரிதாகும், 15க்குக் குறைத்தால் சிறிதாகும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

ஆழம் குறைந்த நீரில், அந்த ஆழத்துக்குரிய எல்லை வேகத்தை நெருங்கும்போதுதான் அலை மிகப் பெரிதாகக் கிளம்பும். ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் பாருங்கள். விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். நாட்டுக்கு மாற்றினால், 3 மீட்டர் ஆழத்தில் அது 10.5 நாட். 5 மீட்டரில் 13.6. 10 மீட்டரில் 19 நாட்டுக்குச் சற்று மேல். படகின் நீளத்துக்கும் இதேபோல ஒரு கெட்ட வேகம் இருக்கிறது: 30 மீட்டர் படகு ஏறக்குறைய 13 முதல் 20 நாட் வரை தன் அலையைத் தானே ஏற முயன்று திணறும், பின்பகுதி தாழும், டீசல் வீணாகும், கரைக்குப் பெரிய அலை போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 5 மீட்டர் ஆழத்தில் ஓடும் 30 மீட்டர் படகு 11 முதல் 20 நாட் வரையிலான வேகத்தில் தங்கவே கூடாது. ஒன்று அதற்குக் கீழே, அல்லது தாண்டி மேலே. நடுவே கடக்க வேண்டிய நேரத்தில் தயங்காமல் கடந்துவிட வேண்டும், அதையும் ஆழமான இடத்தில் செய்ய வேண்டும்.

அதனால் வழித்தடம் போடும்போது வேகத்தைக் கூட்டும் புள்ளி, குறைக்கும் புள்ளி இரண்டையும் ஆழ அளவீட்டைப் பார்த்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். "துறைக்குப் பக்கத்தில் குறைத்துக்கொள்" என்று வாய்மொழியாக விட்டால் ஆளுக்கு ஓர் இடத்தில் குறைப்பார்கள். அலை கரைக்கு வந்து சேர்வதற்குள் படகு வெகுதூரம் போய்விடும். ஓட்டுகிறவர் தான் செய்த சேதத்தைப் பார்ப்பதே இல்லை.

துறை

இங்கேதான் சேவை பிழைப்பதும் கெடுவதும்.

நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும் இடத்தில் நிலையான கான்கிரீட் படிக்கட்டுத் துறை தினசரிப் பயணத்துக்கு ஆகாது. காலையில் சமமாக இருந்த தளம் மாலையில் ஒரு ஆள் உயரம் கீழே கிடக்கும். வேண்டியது மிதவை மேடை: குத்துத்தூண்களுக்கு இடையே ஏறி இறங்கும் மேடை, அதையும் கரையையும் இணைக்கும் கீல் வைத்த நடைபாலம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் சக்கர நாற்காலி யாரும் தூக்காமலே உள்ளே போவதற்குக் காரணம் இந்த மிதவை மேடைதான்.

நடைபாலத்தின் நீளத்தை ஓதம்தான் முடிவு செய்கிறது. சக்கர நாற்காலிக்கு உகந்த சாய்வு 12க்கு 1. உயர் ஓதத்தில் பாலம் சமமாக இருக்கும்படி அமைத்தால், ஓத வேறுபாடு 2.4 மீட்டர் உள்ள இடத்தில் தாழ் ஓதத்தின்போது பாலம் அவ்வளவும் இறங்கும், எனவே 28.8 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 15 மீட்டரில் முடித்தால் தாழ் ஓதத்தில் அது ஏறக்குறைய 6க்கு 1 சாய்வு. மழையில் அதன்மேல் தோல் செருப்போடு இறங்கிப் பார்த்தால் ஏன் கூடாது என்று புரியும். கரைப்பக்கக் கீலைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் உயர் ஓதத்தில் ஓரளவு மேல்நோக்கியும் தாழ் ஓதத்தில் கீழ்நோக்கியும் சாயும், நீளம் குறையும். ஆனால் புயல் நேர நீர்மட்டம் கீலைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெளிவுத் தகரத்தைவிடக் கம்பிவலைத் தளம் வழுக்குவது குறைவு. துளை மட்டும் சிறிதாக இருக்க வேண்டும்; குதிகால் செருப்பும் பார்வையற்றோரின் கோல்முனையும் சிக்கக் கூடாது.

மேடையின் தளமும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். படகு ஆள் ஏற ஏறத் தாழும் என்பதைத்தான் கணக்கில் விட்டுவிடுவார்கள். 250 பேர், தலைக்கு 75 கிலோ என்றால் 18.75 டன். நீர்மட்டத்தில் சுமார் 105 சதுர மீட்டர் பரப்புள்ள இரட்டை உடல் படகு அந்தப் பாரத்துக்கு 17 சென்டிமீட்டர் இறங்கும். டீசல் தொட்டி நிறைந்ததா வற்றியதா என்பது தனிக் கணக்கு. எனவே மேடையைப் பாதிப் பாரத்துக்குரிய மட்டத்தில் வைத்து, மிச்சத்தை, மேடைக்கும் படகுக்கும் இடையே இறக்கும், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மடக்குத்தட்டிடம் விட்டுவிடுங்கள். குட்டையான தட்டு செங்குத்தாக நிற்கும். சக்கரம் ஏறாது, கால் தடுக்கும். அந்தத் தட்டின் கீல் ஆணிதான் துறையில் அதிகம் தேய்கிற உருப்படி. மாற்று ஆணி இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

வாசல் ஒரு மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 40 முதல் 60 பேர் கடக்கலாம். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டால் அது பாதியாகும். வான்கூவர் துறைமுகத்தில் 1977 முதல் ஓடும் சீபஸ் இதற்கு நேர்த்தியான தீர்வு: படகு இரண்டு மேடைகளுக்கு நடுவே புகுந்து நிற்கும், ஒரு பக்கக் கதவுகள் வழியே இறங்குவார்கள், மறுபக்கக் கதவுகள் வழியே ஏறுவார்கள். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் திரும்பவும் வேண்டியதில்லை. ஹாங்காங் ஸ்டார் ஃபெரியும் இருமுனைப் படகுதான். குறுகிய கடப்புக்கு இந்த அமைப்பை வெல்ல எதுவும் இல்லை. 30 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டம் என்றால் திரும்புவதற்கு ஆகும் ஒரு நிமிடம் பெரிதாகத் தெரியாது; அங்கே ஒருமுனைப் படகே போதும்.

காத்திருப்பவர்களைக் கரையிலேயே நிறுத்துங்கள், நடைபாலத்தில் அல்ல. நடைபாலம் இறங்குகிறவர்களுக்கு உரியது. வரிசையைப் பாலத்தில் விட்டால் படகிலிருந்து வருகிறவர்கள் அதில் மோதி நிற்பார்கள். கதவு திறந்தும் பயனில்லை. ஆளுக்கு 0.7 சதுர மீட்டர் என்று கொண்டால் 250 பேருக்கு 175 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும். பயணச்சீட்டுப் பரிசோதனையும் அங்கேயே முடிந்துவிட வேண்டும். படகு வாசலில் சீட்டைக் காட்டச் சொன்னால் ஒருவருக்கு மூன்று விநாடி கூடும். 250 பேருக்கு அது பன்னிரண்டரை நிமிடம்.

மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கட்டிட வரைபடம் முடிவு செய்ய விடாதீர்கள். நீரோட்டத்துக்கு இணையாக மேடை இருந்தால் படகு எதிர்நீரோட்டத்தில் மெல்ல வந்து நிற்கலாம். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

அணைவது, ஏற்றுவது, விலகுவது

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை, ஒரே சொற்கள். ஆள் மாறினாலும் முறை மாறக் கூடாது.

1. மெதுவேகப் பகுதிக்குள் நுழைந்ததும் இரு எஞ்சின்களையும் ஒருமுறை பின்னோக்கிப் போட்டுப் பார்க்கவும். பின்னோக்கு வேலை செய்யவில்லை என்பதை மேடையிலிருந்து 300 மீட்டர் தொலைவில் கண்டுபிடிப்பது நல்லது. 30 மீட்டரில் அல்ல.

2. எதிர்நீரோட்டத்தில், அது வலுவற்றிருந்தால் எதிர்க்காற்றில் அணுகவும். மேடையை மோதினால் எந்த வேகத்தில் மோதச் சம்மதமோ அதற்கு மேல் வேகம் வேண்டாம். 100 டன் படகு விநாடிக்கு 0.3 மீட்டரில் தொட்டால் தடுப்பு மெத்தை தாங்க வேண்டியது 4.5 கிலோஜூல். 0.6 மீட்டரில் தொட்டால் 18. இருமடங்கு வேகம், நான்கு மடங்கு அடி.

3. பயணிகள் உட்கார்ந்தே இருக்கட்டும். மாடிப்படியை முதல் கயிறு கட்டும்வரை சங்கிலி போட்டு வையுங்கள். அணையும் அதிர்ச்சியில் விழுவது பெரும்பாலும் படியில் நிற்கிறவர்கள்தான். எல்லோரும் இறங்கும் பக்கம் கூடி நிற்பது இன்னொரு தொல்லை. படகு அந்தப் பக்கம் சாய்ந்து வாசல் மட்டம் தப்பும்.

4. ஒரே கயிறு போதும். முன்பகுதியிலிருந்து பின்னோக்கி மேடையில் கயிறு மாட்டும் கட்டைக்குப் போகும் ஸ்பிரிங் கயிற்றை மாட்டி, எஞ்சினை மிக மெதுவாக முன்னோக்கி விட்டு, சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் படகு மேடையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சில நிமிடத்துக்கு நான்கு கயிறு கட்டி அவிழ்ப்பது நேர வீண். காற்று ஓங்கி வீசும் நாளில் மட்டும் பின்பகுதிக்கு இரண்டாவது கயிறு.

5. விறைத்த கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது திரும்பி அடிக்கும் வேகத்துக்கு ஒதுங்க நேரம் இருக்காது. கட்டையில் இரண்டு சுற்றுப் போட்டுவிட்டு நுனியைக் கையில் சுற்றிக்கொள்வது புதியவர்கள் செய்யும் தவறு. விரல் போகும்.

6. மடக்குத்தட்டை இறக்கி, இருபக்கக் கைப்பிடிச் சங்கிலியைக் கழற்றி, "இறங்கலாம்" என்று சொல்லவும். முழுதும் இறங்கிய பிறகே ஏற்றம். இரண்டு வாசல் இருந்தால் சைக்கிள்களுக்கு ஒன்றை ஒதுக்குங்கள். ஒன்றே என்றால் சைக்கிள் கடைசியில் இறங்கி, ஏறும்போதும் கடைசியில் ஏறட்டும். நடுவே புகுந்த ஒரு சைக்கிள் பத்துப் பேரை நிறுத்தும்.

7. எண்ணிக்கை. சான்றிதழில் எழுதியிருக்கும் எண்ணை ஒருவர்கூடத் தாண்டக் கூடாது. கைக்குழந்தையும் ஒரு ஆள். வாசலில் ஒருவர் எண்ணுகருவியோடு நிற்க, இன்னொருவர் கரை வாயிலில் எண்ணட்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் படகு கிளம்பும். விபத்து நேர்ந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது.

8. கரை வாயிலைப் புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடவும். ஓடி வருகிறவருக்காக ஒருமுறை திறந்தால் மறுநாள் ஐந்து பேர் ஓடி வருவார்கள். மூடும் நேரத்தை அட்டவணையிலேயே அச்சிட்டுவிட்டால் சண்டை பாதியாகும்.

9. கயிற்றை முழுதாக உள்ளே இழுத்தாயிற்று என்று குரல் வந்த பிறகே எஞ்சினைக் கூட்டவும். தண்ணீரில் தொங்கிய கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் முங்குநீச்சல் ஆள் வரும்வரை அன்றைய சேவை அவ்வளவுதான்.

படகைத் தேர்ந்தெடுக்க

நகர வளைகுடாவுக்கு இரட்டை உடல் படகு பொருந்தும்: அகலத் தளம், குறைந்த அலை, சாய்வு குறைவு. 20 நாட் வரை புரொப்பெல்லர் சிக்கனம். 25க்கு மேல் போனாலோ ஆழம் மிகக் குறைவாக இருந்தாலோ வாட்டர் ஜெட் (நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் கருவி). ஆனால் நகரத்துத் தண்ணீரில் பிளாஸ்டிக் பையும் கயிற்றுத் துண்டும் மிதக்கும். ஜெட் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் சுற்று ஏறும், படகு வேகம் ஏறாது. அப்போது கியரைப் பின்னோக்கிப் போட்டு நீரை எதிர்த்திசையில் தள்ளித் துப்பவைக்கலாம். அந்த வசதியுள்ள கியர்ப்பெட்டியையே கேட்டு வாங்குங்கள்.

டீசல் கணக்குக்கு ஒரு கைவிதி: ஒரு கிலோவாட்-மணிக்குக் கால் லிட்டர். தலா 1,000 கிலோவாட் எஞ்சின் இரண்டு, 85 சதவீதத்தில் ஓடினால் மணிக்கு 425 லிட்டர். மேலே சொன்ன 9.6 நிமிட ஓட்டத்துக்கு 68 லிட்டர்.

மின்படகு குறுகிய கடப்புக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் அதுவும் துறைநேரக் கணக்குதான். 12 நிமிடம் 400 கிலோவாட்டில் ஓடினால் 80 கிலோவாட்-மணி செலவு. துறையில் 5 நிமிடம் நின்று அதில் 4 நிமிடம் மின்னேற்றம் கிடைத்தால், அதை ஈடுகட்ட 1,200 கிலோவாட் இணைப்பு வேண்டும். அவ்வளவு மின்சாரம் கடற்கரை ஓரம் சும்மா கிடைக்காது. பெரிய மின்கலம் வைத்துக் காலை நெரிசலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவிட்டு, மதியம் நிதானமாக ஏற்றிக்கொள்வது பல இடங்களில் மலிவு. கையில் பிளக்கைப் பிடித்து மாட்டும் ஏற்பாடு வேண்டாம்; உப்புக் காற்றில் நாளுக்கு முப்பது முறை மாட்டினால் முனைகள் அரித்துவிடும்.

இருக்கைகளை வாசலுக்கு நேராக நெருக்கி வைத்து எண்ணிக்கையைக் கூட்ட விற்பவர் ஆசைகாட்டுவார். இருபது இருக்கை குறைந்தாலும் பரவாயில்லை, வாசலருகே நின்று கலையும் இடம் வேண்டும்.

காலையில் முதல் படகுக்கு முன்

நாற்பது நிமிடம் முன்பாகவே ஆள் இருக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய், குளிர்நீர் மட்டம். அடித்தட்டில் நீர் இருக்கிறதா, அங்குள்ள மிதவை அலாரத்தைக் கையால் தூக்கினால் ஓசை வருகிறதா. சுக்கான் இரு எல்லைவரை திரும்புகிறதா. கயிறு கட்டியபடியே முன்னும் பின்னும் சிறிது தள்ளிப் பார்ப்பது. ஊதுகுழல், விளக்குகள், ரேடார், வானொலியில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை. மடக்குத்தட்டின் ஹைட்ராலிக் கசிவு. எஞ்சினைக் கிளப்பியதும் புகைக்குழாய்ப் பக்கம் கடல்நீர் வெளியேறுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

கடல்நீர் வடிகட்டிதான் திடீர் நிறுத்தங்களுக்கு அடிக்கடி காரணம். ஜெல்லிமீன் கூட்டமோ பிளாஸ்டிக் தாளோ அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடு மெல்ல ஏறும். அலாரம் அடிக்கும்போது பார்த்தால் ஓடும் எஞ்சினை நிறுத்த வேண்டியிருக்கும். இரட்டை வடிகட்டி வைத்து, ஒன்றை மூடி மற்றதில் ஓட்டியபடியே சுத்தம் செய்யும் அமைப்பு கூடுதல் செலவுக்குத் தகும். ஜெல்லிமீன் வரும் பருவத்தில் ஒவ்வொரு நடைக்கும் வெப்பநிலையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஏறுமுகம் அதில் முன்னாலேயே தெரியும்.

பனிமூட்டமும் விபத்தும்

பார்வை குறைந்தால் வேகம் குறைய வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் படகு இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறையாவது நான்கு முதல் ஆறு விநாடி நீளமாக ஊத வேண்டும். விதி இருந்தும் மீறல் நடப்பது ஏன் என்றால், அட்டவணை படகோட்டியின் கழுத்தைப் பிடிக்கிறது. இதற்கு மருந்து பனிநாளுக்கென்று தனி அட்டவணை. கால்மணிச் சேவையை இருபது நிமிடச் சேவையாக மாற்றி முன்கூட்டியே அச்சிட்டு வைத்து, காலை ஐந்தரைக்கு ஒருவர் பொறுப்பேற்று அதை அறிவிக்க வேண்டும். அப்போது மெதுவாக ஓட்டுவது தாமதம் ஆகாது.

ஓட்டுநர் அறையில் எப்போதும் இருவர். நியூயார்க்கில் 2003 அக்டோபர் 15 அன்று ஸ்டேட்டன் தீவுப் படகு ஆண்ட்ரூ ஜே. பார்பெரி முழுவேகத்தில் துறைச்சுவரில் மோதி 11 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நினைவிழந்திருந்தார், விதிப்படி உடனிருக்க வேண்டிய கேப்டன் அந்த அறையில் இல்லை. ஆயிரம் முறை போய்வந்த வழிதானே என்று இரண்டாமவர் தேநீருக்கு இறங்கும் பழக்கம் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. துறையை நெருங்கும் கடைசி ஐந்து நிமிடத்துக்காவது அதை முழுதாகத் தடை செய்யுங்கள்.

ஹாங்காங்கில் 2012 அக்டோபர் 1 இரவு மோதலில் லாமா IV என்ற பயணிகள் படகு சில நிமிடங்களில் பின்பக்கமாக மூழ்கியது. 39 பேர் இறந்தார்கள். அடித்தட்டு அறைகளுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய நீர்புகாக் கதவு பொருத்தப்படவே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. படகைக் கையேற்கும் நாளில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அடித்தட்டில் இறங்கி, ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி தனியாக, எடுக்கும் உயரத்தில் இருக்கிறதா என்றும். ஆள் தண்ணீரில் விழுந்தால் மீட்கும் பயிற்சி மாதம் ஒருமுறை, அதில் ஒன்று இருட்டில். உயரமான படகிலிருந்து நினைவிழந்தவரைத் தூக்குவது கையால் ஆகாது. பக்கவாட்டில் இறக்கும் மீட்புத்தட்டு அல்லது வலை இல்லாமல் பயிற்சிக்குப் பொருளில்லை.

ஆள், மாற்றுப் படகு, கடைசி நடை

நான்கு படகு ஓட வேண்டும் என்றால் ஐந்து சொந்தமாக இருக்க வேண்டும்; ஆண்டுப் பழுதுபார்ப்புக்கு ஒன்று உலர்துறையில் ஏறும் மாதங்களில் ஆறாவது இல்லாமல் சமாளிப்பது கடினம். எல்லாம் ஒரே வகைப் படகாக இருக்கட்டும். வாசல் இருக்கும் இடம் படகுக்குப் படகு மாறினால் மேடையின் தட்டு பொருந்தாது, மாற்றுப் படகு பெயருக்குத்தான்.

அலுவலகச் சேவையின் சிக்கல் இரண்டு உச்சங்கள். காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், நடுவே ஆறு மணி நேரம் ஆட்களுக்கு வேலை குறைவு. அவர்களைப் பன்னிரண்டு மணி நேரம் படகிலேயே வைத்தால் மாலைக்குள் களைப்பு ஏறும், ஓய்வு நேர விதியும் மீறப்படும். மதியம் படகைக் குறைத்து, பயிற்சி, கழுவல், சிறு பழுது எல்லாவற்றையும் அந்த இடைவெளியில் வையுங்கள். காலை அணியும் மாலை அணியும் வேறு வேறு.

பேருந்தோடு இணைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: படகு வந்து ஆறு நிமிடம் கழித்துப் பேருந்து கிளம்பட்டும், பேருந்துக்காகப் படகு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பாலம் இருக்கும் நகரத்திலும் படகுக்கு இடம் உண்டு. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ-ஓக்லாந்து பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஒரு மாதம் மூடிக்கிடந்தபோது அவசரமாக விட்ட படகுச் சேவை, பாலம் திறந்த பிறகும் நின்றுவிடவில்லை. அப்படியொரு நாளில் கூட்டம் பல மடங்காகும். மிதவை மேடையில் இரண்டாவது படகு அணைய இடம் விட்டு வைத்திருந்தால்தான் அப்போது உதவும்.

கடைசி நடை ஒன்றை மட்டும் ஒருபோதும் சொல்லாமல் ரத்து செய்யாதீர்கள். மற்ற நடை போனால் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். கடைசி நடை போனால் நடுஇரவில் வளைகுடாவின் தவறான கரையில் நிற்பார்கள். அதற்கு முந்தைய நடை வந்து அணையும்போதே படகு நலமா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றுப் படகின் எஞ்சினை அப்போதே கிளப்பச் சொல்லுங்கள். அதுவும் இயலாவிட்டால் வளைகுடாவைச் சுற்றிப் போகும் பேருந்தை அழைக்கும் எண், அழைக்கும் அதிகாரம் இரண்டும் துறைக் காவலரிடமே இருக்க வேண்டும். மேலதிகாரியை எழுப்பி அனுமதி கேட்கும் நிலை வந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் அதற்குள் கிடைத்த வண்டியைப் பிடித்துப் போயிருப்பார்கள், மறுநாள் காலை அவர்கள் படகுத்துறைப் பக்கம் வர மாட்டார்கள்.